கால் இல்லாத நாற்காலியும் பீடி சுற்றுகிற இடுப்பும்

தை மாதம் எங்கள் வீட்டுக்கு ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்தது. கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற மகன் ஆன்லைனில் போட்டு அனுப்பிய தரை நாற்காலி. அன்றிலிருந்து தெருவில் பத்துப் பேராவது கேட்டிருப்பார்கள். "மைனி, அந்தச் சேரு எப்படி இருக்கு? நானும் ஒண்ணு வாங்கட்டா?" கேட்டவர்கள் எல்லாரும் பீடி சுற்றுகிறவர்கள்தான். இடுப்பு வலி இல்லாதவர் அதில் ஒருத்தர்கூட இல்லை. நாலைந்து பேருக்கு வலி காலுக்கும் இறங்கியிருக்கிறது. வாசலில் நின்றபடி ஒவ்வொருவருக்கும் பாதிப் பாதியாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதி வைக்கிறேன். நாற்காலியின் விலை 1,899 ரூபாய். எங்கள் கைக்கு அந்தப் பணம் வர எத்தனை ஆயிரம் பீடி சுற்ற வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். அதனால் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். இந்த நாற்காலிக்குக் கால் கிடையாது. உள்ளே இரும்புக் கம்பிச் சட்டம், மேலே பஞ்சு, அதற்கு மேல் கருநீலத் துணி உறை. இரண்டாக மடக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்துக்கொள்ளலாம். உட்காரும் இடம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதல் அகலம். முதுகுச் சாய்மானம் தோள்பட்டைக்குக் கீழே வரை வரும். சாய்மானத்தை முன்னால் இழுத்தால் டக் டக் என்று ஒவ்வொரு பல்லாக ஏறும். வேண்டிய இடத்தில் விட்டால் அங்கேயே நின்றுகொள்ளும். பின்னால் சாய்க்க வேண்டும் என்றால் ஒரு தடவை முழுக்க முன்னால் மடக்கிவிட்டுத்தான் விரிக்க வேண்டும். இது தெரியாமல் முதல் நாள் நானும் அத்தையும் அதைப் பிடித்து வெகுநேரம் இழுத்துக்கொண்டிருந்தோம். வாங்குகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பலம் காட்டி இழுத்தால் பல் தேய்ந்துவிடும்.

எனக்கு இது ஏன் தேவைப்பட்டது என்று சொன்னால்தான் நான் சொல்லப்போகிற குறையும் நிறையும் புரியும்.

எனக்கு வயது 46. பன்னிரண்டு வயதில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இலை வெட்டப் பழகினேன். திருநெல்வேலி மாவட்டத்தில் எங்கள் முக்கூடல் பக்கம் அது ஒன்றும் அதிசயம் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தார்சாவில் சொளவை, அதாவது முறத்தை, மடியில் வைத்துக்கொண்டு ராத்திரி வரை உட்காருவோம். எப்படி உட்காருவோம் என்று பீடி சுற்றுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தரையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நேராக நீட்டிக்கொள்வோம். சில பேர் ஒன்றை மடக்கி ஒன்றை நீட்டுவார்கள். சொளவு தொடை மேல் இருக்கும், அதில் வெட்டின பீடி இலையும் புகையிலைத் தூளும். முதுகை வளைத்து, தலையைக் குனிந்து, கண் இலையிலேயே இருக்கும். இலையை உருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்ற வேண்டும். ஆயிரம் பீடி முடிய எட்டு மணி நேரம் ஆகும், சில நாள் பத்து மணி நேரமும் ஆகும். நடுவில் உலை கொதித்தால் எழுந்திருப்போம், யாராவது கூப்பிட்டால் எழுந்திருப்போம், அவ்வளவுதான். முப்பத்துநாலு வருஷமாக என் முதுகு அந்த வளைவில்தான் இருந்தது.

போன ஐப்பசியில் ஒரு காலை, நல்ல மழை. முந்தின ராத்திரி நனைத்துச் சாக்கில் சுற்றி வைத்த இலைக்கட்டைக் குனிந்து தூக்கினேன். பெரிய பாரம்கூட இல்லை. இடுப்பில் ஏதோ பிடித்தது. சரியாகிவிடும் என்று அன்றும் உட்கார்ந்து சுற்றினேன். மூன்றாம் நாள் இடுப்பு வலி குறைந்தது, ஆனால் வலது புட்டத்தில் இருந்து தொடைக்குப் பின்னால், கெண்டைக்கால் வழியாக, சுண்டுவிரல் வரை ஒரு கோடு இழுத்த மாதிரி வலி இறங்கியது. இடுப்பு வலி எனக்குப் பழக்கம். இது அந்த வகை இல்லை. சுடுகிற கம்பியை உள்ளே விட்ட மாதிரி இருக்கும், நடுநடுவே மின்சாரம் தொட்ட மாதிரி வெட்டும். பாதத்தின் வெளிப்பக்கம் மரத்துப் போய், செருப்பு நழுவினால்கூடத் தெரியவில்லை. தூள் நெடிக்கு எனக்கு எப்போதும் இருமல் உண்டு. ஒவ்வொரு இருமலுக்கும் கால் நுனி வரை வலி போய்த் திரும்பியது. இருமல் வருகிறது என்று தெரிந்தால் சுவரை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். ராத்திரி புரண்டு படுக்க முடியாமல் அழுதிருக்கிறேன். அவர்கள், என் வீட்டுக்காரர், லோடு ஆட்டோ ஓட்டிவிட்டு அலுத்துப்போய்த் தூங்குவார்கள். எழுப்ப மனசு வராமல் சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு படுத்திருப்பேன்.

அந்தச் சமயத்தில் என்னவெல்லாம் செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் தெருவில் எல்லாரும் அதே வரிசையில்தான் போகிறார்கள். முதலில் எண்ணெய். அது இதமாக இருந்தது, தப்பில்லை. அத்தை கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு உளுந்தங்களி கிண்டித் தந்தார்கள். இடுப்புக்குப் பலம் என்று நம் பக்கம் பெரிய மனுஷி ஆன பிள்ளைக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் கொடுக்கிற களிதானே. வயிறும் மனசும் நிறைந்தது. பிறகு ஒருத்தர் நீவி விடுகிறேன் என்று வந்து, குப்புறப் படுக்கச் சொல்லி, இடுப்பில் காலை வைத்து ஏறி மிதித்தார். அன்றைக்கு ராத்திரி எனக்குக் கட்டைவிரலை ஊன்றி எட்டு வைக்க முடியவில்லை. அவர் யார், எந்த ஊர் என்று எழுதப் போவதில்லை. ஆனால் வலி காலுக்கு இறங்கியவர்கள் யாரையும் இடுப்பில் ஏறி மிதிக்க விடாதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் படுத்தே கிடந்தேன். "ஏளா, அசையாம கெட, தானா சரியாவும்" என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். தரையில் பாய் விரித்துப் படுத்தால்தான் முதுகு நேராகும் என்றும் சொன்னார்கள். படுக்கப் படுக்க உடம்பு கட்டிப்போனதே தவிர வலி குறையவில்லை.

கார்த்திகையில் மகன் லீவு போட்டு வந்து என்னைப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். பஸ்ஸில் உட்கார முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் உயிர் போய் வந்தது. அங்கே என்னைப் பார்த்த டாக்டர் அம்மாவுக்கு என் மகள் வயசுதான் இருக்கும். மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடக்காமல் வலது காலை மெதுவாகத் தூக்கினார். கால் பாதி உயரம் போகும் முன்பே சுண்டுவிரல் வரை வெட்டியது. பிறகு குதிகாலில் நடக்கச் சொன்னார், நடந்தேன். கால் நுனியில் எம்பி நிற்கச் சொன்னார். இடது கால் எம்பியது, வலது கால் எம்பவில்லை. நான் அதுவரை அதைக் கவனிக்கவே இல்லை. சிறுநீர் தடையில்லாமல் போகிறதா, உட்காருகிற இடம் மரத்துப் போயிருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டார். ஸ்கேனில் இடுப்பின் கடைசி எலும்புக்கும் அதற்குக் கீழே உள்ள எலும்புக்கும் நடுவில் இருக்கிற வட்டு பிதுங்கி, காலுக்குப் போகிற நரம்பின் வேரை அழுத்துகிறது என்று வந்தது.

"அம்மா, வட்டுங்கறது வெளியே கெட்டி வளையம், உள்ள ஜெல்லி மாதிரி இருக்கும். வளையம் விட்டுப்போயி உள்ள இருக்கறது பின்னால பிதுங்கியிருக்கு. இடுப்புலதான் பிரச்சினை. வலி கால்ல தெரியுது" என்று ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். இப்படிக் காலுக்கு இறங்குகிற வலிக்குச் சயாட்டிகா என்கிற பேரையும் எழுதித் தந்தார். ஆபரேஷன் வேண்டுமா என்று நான் நடுங்கிக்கொண்டே கேட்டேன். பெரும்பாலான பேருக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் ஆபரேஷன் இல்லாமலே குறைந்துவிடும், பிதுங்கினதை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்ளும் என்றார். ஒரு மாதமாக யாரும் சொல்லாத அந்த வார்த்தையைக் கேட்டதும் அங்கேயே அழுதுவிட்டேன். படுத்தே கிடக்க வேண்டாம், தாங்குகிற அளவுக்கு நடக்க வேண்டும், தரையிலும் படுக்க வேண்டாம், ரொம்பக் குழியாத மெத்தை போதும் என்று சொல்லி, மாத்திரை எழுதி, பிசியோதெரபிக்கு அனுப்பினார்.

பிசியோதெரபி தம்பி கற்றுத் தந்ததில் எனக்கு உயிர் கொடுத்தது ஒன்றுதான். குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி, நெஞ்சை மட்டும் தூக்கி, இடுப்பைத் தளரவிட்டு இரண்டு நிமிஷம் இருக்க வேண்டும். முதல் வாரம் அதைச் செய்தபோது இடுப்பில் வலி கூடியது. பயந்துபோய் அவரிடம் சொன்னேன். "கால்ல எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். யோசித்தால், கெண்டைக்காலில் வலி இல்லை. "அப்ப நல்லதும்மா. வலி பாதத்தை விட்டு மேல ஏறி இடுப்புக்கு வந்தா நரம்பு விடுபடுதுன்னு அர்த்தம். கீழ எறங்கினா அன்னைக்கு நிறுத்திருங்க" என்றார். அதற்குப் பிறகு வலியைப் பார்த்து எனக்குப் பயம் போய்விட்டது. எங்கே இருக்கிறது என்று பார்க்கப் பழகினேன். விடியற்காலம் ஆற்றங்கரை வரை நடந்து, கோவில் வாசலில் ஒரு கும்பிடு போட்டுத் திரும்புவேன். மார்கழி முடியும்போது வலி தொடையோடு நின்றுவிட்டது.

தை பிறந்ததும், எங்களுக்கு இலையும் தூளும் தந்து பீடியை வாங்கிக்கொள்கிற பீடிக் கடையில், எப்போது சுற்றப்போகிறாய் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கும் எத்தனை நாள் சும்மா இருக்க முடியும்? மகனிடம் போனில் சொன்னேன். அப்போதுதான் இந்த நாற்காலி வந்தது.

முதல் இரண்டு வாரம் எனக்கு இதைவிட நல்ல பொருள் உலகத்தில் இல்லை என்றுதான் தோன்றியது. சும்மா சாய்ந்து உட்காரும்போது முதுகுக்கு அத்தனை சுகம். பஞ்சு நாலு விரல் கனம் இருந்ததால் சிமெண்டுத் தரைக் குளிர் ஏறவில்லை. 300 பீடியில் தொடங்கி 500 வரை சுற்றினேன்.

மாசி நடுவில் கெண்டைக்கால் மறுபடி இழுக்க ஆரம்பித்தது. பங்குனியில் சுண்டுவிரல் மரத்தது. உடற்பயிற்சியை நான் ஒரு நாளும் விடவில்லை, நடையும் விடவில்லை, குனிந்து எதையும் தூக்கவில்லை. எனக்கு வந்த வெசனம் சொல்லி முடியாது. வட்டு மறுபடி பிதுங்கிவிட்டது, இனி ஆபரேஷன்தான் என்று நினைத்துக்கொண்டு பிசியோ தம்பியிடம் போனேன்.

அவர் கேட்டது ஒரே கேள்வி. "பீடி சுத்தும்போது எப்படி உக்காருவீங்க? உக்காந்து காட்டுங்க." அங்கே இருந்த பெஞ்சில் ஏறிக் காலை நீட்டி உட்கார்ந்தேன். நோட்டு அட்டை ஒன்றை மடியில் வைத்து, சொளவு என்று நினைத்துக்கொண்டு குனிந்து கையை ஓட்டினேன். கெண்டைக்கால் இழுத்தது. "இழுக்குதா?" "ஆமா." "மத்தது எதையும் அசைக்காதீங்க. தலையை மட்டும் நிமித்திப் பாருங்க." நிமிர்த்தினேன். காலில் இழுப்பு விட்டுவிட்டது. "குனிங்க." மறுபடி இழுத்தது. கழுத்தை அசைத்தால் கால் வலி போகிறது, வருகிறது. நாலைந்து தடவை செய்து பார்த்தேன், எனக்கு நம்பவே முடியவில்லை.

அவர் சொன்னார்: தலையில் இருந்து முதுகு வழியாகக் கால் நுனி வரை நரம்பு எல்லாம் ஒரே தொடர்ச்சி. முதுகை வளைத்து, தலையைக் குனிந்து, காலை நீட்டினால் அது முழுக்க இழுபடும். சயாட்டிகா இருக்கிறதா என்று கண்டுபிடிக்க டாக்டர்கள் நோயாளியை வேண்டுமென்றே இப்படி உட்கார வைத்துப் பார்ப்பார்களாம். அதுவே ஒரு பரிசோதனையாம். "நீங்க அந்தப் பரிசோதனையைத் தினமும் எட்டு மணி நேரம் பண்றீங்கம்மா" என்றார்.

நாற்காலியைப் பற்றி நான் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் இதுதான். அந்த நாற்காலி முதுகுக்குச் சாய்மானம் தருகிறது, காலை அப்படியே நீட்டிதான் வைக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது, அதை நானே வீட்டில் வந்து கவனித்தேன். மகளைப் பக்கவாட்டில் நின்று போனில் படம் எடுக்கச் சொன்னேன். பீடி சுற்றுகிற நேரம் முழுக்க என் முதுகு சாய்மானத்தைத் தொடவே இல்லை. கை முன்னால் வேலை செய்கிறது, கண் இலையைப் பார்க்கிறது, அப்போது உடம்பு முன்னால்தான் போகும். நூல் அறுத்து நிமிரும்போது மட்டும் ஒரு நொடி முதுகு போய்ப் பஞ்சில் படுகிறது. கொடுத்த காசு எல்லாம் அந்த ஒரு நொடிக்குத்தான். பஞ்சு வேறு இரண்டே மாதத்தில் நடுவில் குழிந்துவிட்டது. குழியில் உட்கார்ந்தால் இடுப்பு பின்னால் சரிந்து, வளைவு இன்னும் கூடுகிறது. தரையில் இருந்து எழுந்திருக்கிற பாடும் குறையவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து, முட்டி போட்டு, சுவரைப் பிடித்துத்தான் எழ வேண்டும்.

சாமானின் தரத்தையும் சொல்லிவிடுகிறேன். நாலாம் மாதம் வலது பக்கப் பல் நழுவ ஆரம்பித்தது. ஒரு தடவை சாய்ந்தபோது சட்டென்று மூன்று பல் பின்னால் போய், நான் மல்லாந்து விழப் பார்த்தேன். இடுப்புக்கு ஆகாதவர்கள் வாங்குகிற பொருளில் இது சின்னக் குறை இல்லை. விற்ற இடத்தில் கேட்டால் பத்து நாளுக்குள் சொல்லியிருக்க வேண்டும் என்று முடித்துவிட்டார்கள். துணி உறையைக் கழற்றித் துவைக்க முடியாது. பீடித் தூள் உள்ளே இறங்கினால் வாடை போகாது. பங்குனி சித்திரை வெக்கையில் தொடைக்கு அடியில் வேர்த்து ஊறும்.

அப்படியானால் யாருக்கு ஆகும்? காலுக்கு வலி இறங்காதவர்கள், சும்மா சாய்ந்து உட்கார, டிவி பார்க்க, பிள்ளைக்குப் பால் கொடுக்க, பூ கட்டக்கூட வைத்துக்கொள்ளலாம். அத்தைக்கு முட்டி வலிதான், இடுப்பு நன்றாக இருக்கிறது. அவர்கள் சாயங்காலம் அதில் சாய்ந்துகொண்டு வெற்றிலை போடுகிறார்கள், சந்தோஷமாக இருக்கிறது. பல் நழுவாமல் இருக்கச் சுவரோடு ஒட்டி வைத்திருக்கிறோம். பீடி சுற்றுகிறவர்கள், அதிலும் வலி காலுக்கு இறங்கியவர்கள், இதை வாங்க வேண்டாம்.

பிறகு நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பிசியோ தம்பி சொன்னது: முழங்கால் மடங்கி இருக்க வேண்டும், பாதம் தரையில் முழுக்கப் படிய வேண்டும், சொளவு மடியை விட்டு மேலே வர வேண்டும், கண்ணுக்காகக் கழுத்து குனியக் கூடாது. வீட்டில் கை இல்லாத பழைய மர நாற்காலி ஒன்று கிடந்தது. அதன் காலைக் கொஞ்சம் அறுத்து என் உயரத்துக்குக் குறைத்தோம். நான் சரியாக அஞ்சடி. முழங்கால் மடிப்பில் இருந்து தரை வரை 15 அங்குலம் வந்தது, நாற்காலியும் 15. தெருக்கோடி ஆசாரி அண்ணாச்சியிடம் சொல்லி 23 அங்குல உயரத்தில் ஒரு மேசை. மேசை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை, நாலு காலும் ஒரு பலகையும், சொளவு நழுவாமல் இருக்கச் சுற்றிலும் ஒரு விரல் உயரச் சட்டம். பழைய கதவுப் பலகையில் செய்தார். கூலியும் ஆணியும் சேர்த்து 700 ரூபாய். இடுப்பு வளைவுக்கு ஒரு துண்டை உருளையாகச் சுருட்டி நாற்காலி முதுகில் கட்டியிருக்கிறேன்.

முதல் வாரம் கை ஓடவில்லை. மடியில் சொளவு இருந்தால் கை தானாகத் தூளுக்குப் போகும். மேசையில் எல்லாம் இடம் மாறிப் போச்சு. தூள் தரையில் சிந்தியது. மடியில் பழைய வேட்டியை விரித்து அதைப் பிடித்துக்கொண்டேன். 1000 சுற்றினவள் 400தான் சுற்றினேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். "என்ன மைனி, ஆபீஸ் உத்தியோகமா?" என்று கேட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை, காலில் இழுப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு இருந்தேன். இரண்டாம் வாரம் மரப்பு விட்டது. சித்திரை முடிய கெண்டைக்கால் இழுப்பும் போய்விட்டது. இப்போது ஆவணி. 850 வரை சுற்றுகிறேன். வலது காலால் எம்பி நிற்க முடிகிறது. பாதத்தின் ஓரத்தில் கொஞ்சம் மதமதப்பு இன்னும் இருக்கிறது.

மேசையில் உட்கார்ந்தாலும் ஒரே இருப்பு கூடாது. எனக்குக் கடிகாரம் பார்க்க வராது, அதனால் கட்டுக் கணக்கு வைத்திருக்கிறேன். இரண்டு கட்டு, அதாவது 50 பீடி முடிந்ததும் எழுந்துவிடுவேன். கையை இடுப்பில் வைத்துப் பின்னால் ஐந்து தடவை வளைந்துவிட்டு, வாசல் வரை போய் வருவேன். உலை கொதித்தாலும் கொதிக்காவிட்டாலும் எழுவேன்.

பெல்ட்டைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். மெடிக்கலில் 650 ரூபாய்க்கு வாங்கினேன். உள்ளே நாலு பட்டைக் கம்பி வைத்தது. வலி கடுமையாக இருந்த நாளில் பஸ்ஸில் போக, வாசல் தெளிக்க, கட்டினால் தெம்பாக இருந்தது. நாள் முழுக்கக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம், இடுப்புச் சதை வேலை செய்யாமல் பழகிவிடும் என்று பிசியோவில் சொன்னார்கள். உட்கார்ந்து பீடி சுற்றும்போது அது வயிற்றில் குத்துகிறது. இப்போது கட்டுவதே இல்லை. ஒருத்தர் வைத்திருந்தால் தெருவே கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்ளலாம், எல்லாரும் தனித்தனியாக வாங்க வேண்டிய சாமான் இல்லை.

காசில்லாமல் உதவியதையும் சொல்கிறேன். ஒருச்சாய்த்துப் படுக்கும்போது இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தலையணை, அது இல்லாமல் எனக்கு அந்த இரண்டு மாதம் தூக்கமே இல்லை. இடுப்பில் குடம் வைப்பதை விட்டுவிட்டு இரண்டு கையிலும் இரண்டு சின்ன வாளி. மாத்திரையில் ஒன்று தலை சுற்றலும் மயக்கமும் தந்தது. நானே நிறுத்தாமல் டாக்டரிடம் சொன்னேன், அவர் அளவைக் குறைத்துக் குறைத்து நிறுத்தினார். நீங்களும் அப்படித்தான் கேட்டுச் செய்ய வேண்டும்.

ஒன்றை மட்டும் எந்த நாற்காலிக்கும் எந்தப் பயிற்சிக்கும் காத்திருக்க விடாதீர்கள். சிறுநீர் வராமல் அடைத்தாலோ, தெரியாமல் போனாலோ, உட்காருகிற இடமும் தொடை இடுக்கும் மரத்துப் போனாலோ, இரண்டு காலிலும் பலம் குறைந்தாலோ, பாதம் தொங்கிப் போய்ச் செருப்பு தரையில் இழுபட்டாலோ, ராத்திரி என்றும் பார்க்காமல் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். டாக்டர் அம்மா என்னிடம் இரண்டு தடவை கேட்டது இதற்காகத்தான் என்று பிறகு புரிந்தது. நரம்பு அதிக நேரம் நெருக்குண்டு கிடந்தால் பிறகு ஆபரேஷன் செய்தாலும் முழுசாகத் திரும்பாமல் போகலாமாம். நம் பெண்கள் சிறுநீர் விஷயத்தை வெட்கப்பட்டு வீட்டில்கூடச் சொல்ல மாட்டார்கள். தயவு செய்து சொல்லுங்கள்.

பீடிக் கடையில் எங்களுக்கு இலை எடை போட்டுத் தருகிறார்கள், தூள் அளந்து தருகிறார்கள், பீடியை எண்ணி வாங்குகிறார்கள், ஒன்று சரியில்லை என்றால் கழிக்கிறார்கள். நாங்கள் எதன் மேல் உட்கார்ந்து சுற்றுகிறோம் என்று முப்பத்துநாலு வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. வீட்டில் இருந்து செய்கிற வேலைக்கு நாற்காலியும் மேசையும் யார் தர வேண்டும் என்று எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அதை அடுத்த தடவை சங்கக் கூட்டத்தில் கேட்கத்தான் போகிறேன்.

நேற்று மூன்றாவது வீட்டு மைனி வந்தார். அவருக்கு இடது கால், பெருவிரல் பக்கம் இறங்குகிற வலி. ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறார். மர நாற்காலியில் உட்கார வைத்து, பீடி நூலாலேயே முழங்கால் மடிப்பில் இருந்து தரை வரை அளந்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். அவர் என்னைவிட உயரம், 17 அங்குலம் வந்தது. மேசைக்கு 25 வைக்கச் சொல்லி ஆசாரி அண்ணாச்சியிடம் நூலைக் கொடுத்து விட்டிருக்கிறோம். புதன்கிழமை தருகிறேன் என்றிருக்கிறார்.